பால்குடி மறக்கும் பருவம்: திருவனந்தபுரத்தில் குழந்தை உணவின் வரலாறு

கேரள நாட்டில் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டும் சடங்கிற்குச் 'சோறூண்' என்று பெயர். பெரும்பாலும் ஆறாம் மாதத்தில், கோயில் மண்டபத்திலோ வீட்டு முற்றத்திலோ, குத்துவிளக்கின் முன் உற்றார் சூழ இது நடைபெறும். தந்தையோ தாய்மாமனோ மடியில் வைத்துக்கொள்ள, சில பருக்கைகள் குழந்தையின் நாவில் இடப்படும். தாய்ப்பால் ஒன்றே ஆறு மாதம் வரை போதும் என்றும், அதன்பின் வேறு உணவும் வேண்டும் என்றும் உலக சுகாதாரப் பேரவை 2001-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. அந்தக் கால எல்லையை நம் முன்னோர் வழக்கம் வெகு காலத்துக்கு முன்பே தொட்டிருந்தது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் சோறூண் ஒரு நாள் விழா. விருந்தினர் கலைந்து, விளக்கை அகற்றி வைத்த பிறகு வரும் ஒன்றரை ஆண்டுக் காலமே உண்மையான சோதனைக் காலம். குழந்தை தவழ்கிறது, நிற்கிறது, நடக்கிறது. மூளை மிக விரைவாக வளர்கிறது. தாய்ப்பால் மட்டும் அப்போது போதுவதில்லை. பெரியவர் உண்ணும் உணவை உண்ணவோ பல்லும் இல்லை, வயிற்றில் இடமும் இல்லை. இந்த இடைக்காலத்தை ஒரு நகரம் எவ்வாறு கடந்தது என்பதையே இங்கே காண முற்படுகிறோம்.

அந்நகரம் திருவனந்தபுரம். கோட்டையகத்திலும் வலியசாலையிலும் கரமனையிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது. தமிழ் அடுக்களையும் மலையாள அடுக்களையும் ஒரே சுவரின் இரு புறத்தில் புகைந்த ஊர். உணவுப் பஞ்சத்தையும், அதனால் குழந்தைகள் பட்ட துன்பத்தையும், அதற்கான மாற்றையும் அடுத்தடுத்துக் கண்ட ஊர். வேறு மாநிலங்களில் குடியேறி, பாட்டியின் துணையின்றிக் குழந்தை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் அனுபவம் பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

பழைய திருவிதாங்கூர் வீடுகளில் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இருவகைக் கூழ் கொடுத்துவந்தனர். ஒன்று கேழ்வரகு. அதை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுவர். மற்றொன்று வாழைக்காய்ப் பொடி. குன்னன் என்னும் வாழையின் காயையோ நேந்திரங்காயையோ தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, நல்ல வெயிலில் உலர்த்தி இடித்துச் சலித்து வைத்துக்கொள்வர். வேண்டும்போது பாலிலோ நீரிலோ கரைத்துக் காய்ச்சுவர். இவ்விரண்டிற்கும் மலையாளத்தில் 'குறுக்கு' என்றே பெயர்.

சொற்களோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. குறுக்குதல் என்றால் குறுகச் செய்தல். நீர் வற்றி, கரண்டியிலிருந்து எளிதில் வழியாத பதம் வரும் வரை கிண்டி எடுப்பது குறுக்கு. கஞ்சியோ நீர்த்து ஓடுவது. குழந்தைக்குத் தர வேண்டியது இன்னதென்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர் அக்காலத்துத் தாய்மார். இந்த ஒரு சொல்லின் உண்மையை விஞ்ஞானிகள் ஆய்ந்து நிறுவப் பல ஆண்டுகள் ஆயின.

குறுக்கு எல்லா வீட்டிலும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. தொழுவத்தில் பசு உள்ள வீட்டில் வாழைக்காய்ப் பொடி பாலில் வெந்தது. பசு இல்லாத வீட்டில் அதே பொடி நீரில் வெந்தது. வாழைக்காயில் மாச்சத்து நிறைய உண்டு. புரதம் மிகக் குறைவு. பால் சேர்ந்தபோது முழு உணவாக இருந்தது, பால் நீங்கியபோது வயிற்றை நிரப்பும் பொருளாக மட்டும் நின்றது. கேழ்வரகு இவ்வகையில் ஓரளவு மேலானது. நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதாக நம் நாட்டு உணவு அட்டவணை கூறுகிறது; பசும்பாலில் உள்ளதோ ஏறத்தாழ 120 மில்லிகிராம்.

இனி, பஞ்சத்தின் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர் தன் தேவைக்குப் போதிய நெல் விளைவிக்காத நாடு. தெற்கே நாஞ்சில் நாடு அதன் நெற்களஞ்சியமாக விளங்கியது. எஞ்சிய தேவைக்குப் பர்மா அரிசி கப்பலில் வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிக் கிழங்கைப் பயிரிடுமாறு குடிகளை ஊக்குவித்தார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கு மேட்டு நிலத்திலும் வளர்ந்தது. அரிசி கிடைக்காத நாளில் ஏழையின் உணவாயிற்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. அந்த ஆண்டுகளில் மரவள்ளி இல்லையென்றால் இன்னும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கும்.

உயிர் காத்த அக்கிழங்கிலும் ஒரு குறை இருந்தது. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. பெரியவர்கள் கிழங்கோடு மீன் குழம்பு சேர்த்து உண்டனர். கடல் தந்த மீன் கிழங்கின் குறையை ஈடு செய்தது. ஒரு வயதுக் குழந்தைக்கோ மீனில் முள், குழம்பில் காரம். ஆகவே கிழங்கு மட்டும் மசித்து ஊட்டப்படும். அல்லது வடித்த கஞ்சி நீர் புகட்டப்படும். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த உணவு தந்தையைக் காத்தது, பிள்ளையை மெலிவித்தது.

அவ்வாறு மெலிந்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு பெயர் நெடுங்காலமாக உண்டு: சவலை. தாய் மறுபடி கருவுற்றதாலோ அடுத்த குழந்தை பிறந்ததாலோ பால் இழந்து, தேறாமல் நோஞ்சானாய் நிற்கும் பிள்ளையே சவலைப் பிள்ளை. இச்சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உடன்பிறப்பு இருப்பதை அறிந்தபோது வியப்புற்றோம். ஜமெய்க்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டில் பணியாற்றியபோது, மக்காச்சோளக் கூழ் மட்டும் உண்டு, கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறக்கும் குழந்தைகளைக் கண்டார். 1933-இல் அந்நோயை விவரித்தார். 1935-இல் 'லான்செட்' இதழில் அதற்கு அந்நாட்டு மக்களின் பெயரையே சூட்டினார்: 'குவாஷியோர்கர்'. அடுத்த பிள்ளை பிறந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். இரு கண்டத்துத் தாய்மார், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே காரணத்தைக் கண்டு பெயர் வைத்திருக்கின்றனர்.

அந்நோய்க்குப் புரதக் குறைவே முழுக் காரணம் என்று உலகம் பல ஆண்டுகள் கருதியது. மீன் மாவு, பால் பொடி, புண்ணாக்கு மாவு எனப் புரதச் சரக்குகளைத் தேடிப் பெருஞ்செலவு செய்யப்பட்டது. இக்கருத்தைத் திருத்தியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். 1918-இல் சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்ற டாக்டர் சி. கோபாலன் குன்னூர் உணவு ஆராய்ச்சிச் சாலையில் பணியேற்றார். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஹைதராபாதுக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. வீங்கிய குழந்தையும், எலும்பும் தோலுமாய் வற்றிய குழந்தையும் உண்டது ஒரே வகை உணவுதான் என்று கோபாலனும் அவர்தம் தோழரும் கண்டனர். உணவின் வகையில் இருந்த குறையைவிட அளவில் இருந்த குறையே பெரிது என்பது அவர்கள் முடிவு. நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கூடுதலாகப் பெற்ற கிராமத்துக் குழந்தைகள் பதினான்கு மாதங்களில் உயரமும் எடையும் கூடினர் என்பதை 1973-இல் வெளியிட்டனர். மறு ஆண்டு, டொனால்ட் மக்லாரன் என்னும் அறிஞர் புரத வேட்டையைப் பெருந்தவறு என்றே 'லான்செட்' இதழில் கண்டித்தார்.

இம்முடிவைச் சாதாரண வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தை, தாய்ப்பாலோடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கலோரியைப் பிற உணவிலிருந்து பெற வேண்டும். பத்துக் கிராம் அரிசி இட்டுக் காய்ச்சிய ஒரு கிண்ணம் நீர்க்கஞ்சியில் 35 கலோரி உண்டு. அப்படியாயின் நாளைக்குப் பதினைந்து கிண்ணங்களுக்கு மேல் அக்குழந்தை குடிக்க வேண்டும்! எந்தக் குழந்தையால் இயலும்? வயிறு நிறைந்துவிடும், உடல் நிறையாது. தாயோ, 'என் பிள்ளை நன்றாகக் குடித்தான்' என்று மனநிறைவு கொள்வாள். அவள் அன்பில் குறையில்லை; கிண்ணத்தில் நீர் மிகுதி.

இனி மீண்டும் திருவனந்தபுரத்திற்கு. அங்கே 1951-இல் மருத்துவக் கல்லூரியைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். மறு ஆண்டு அதனருகே தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை எழுந்தது. அரச குடும்பத்தில் பிறந்து, இளம் பிராயத்திலேயே மறைந்த ஓர் இளவரசரின் நினைவாக அமைந்தது அது. நகர மக்கள் அதை எஸ்.ஏ.டி. என்றே அழைப்பர். இழந்த ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கிய அம்மனையிலிருந்து எண்ணற்ற குழந்தைகளுக்கு ஒரு மாவு கிடைத்தது. அதன் பெயர் 'எஸ்.ஏ.டி. மிக்ஸ்'.

அதன் செய்முறையில் மறைபொருள் ஒன்றும் இல்லை. அரிசி ஒரு பங்கு, கோதுமை ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு. இவற்றை வறுத்துப் பொடிக்க வேண்டும். பொடித்த சர்க்கரை இரண்டு பங்கு சேர்க்க வேண்டும். அவ்வளவே. இம்மாவு நூறு கிராமில் 380 கலோரியும் 8 கிராம் புரதமும் உண்டு. ஒரு வேளைக்கு 50 கிராம் வீதம் மூன்று வேளை கொடுத்தால் 570 கலோரி ஆகிறது. பதினைந்து கிண்ணக் கஞ்சி செய்ய முடியாததை மூன்று கிண்ணம் செய்து முடிக்கிறது.

இந்த எளிய கலவையில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தானியத்தின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள கூறு தானியத்தில் உண்டு. இரண்டும் கூடும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டாவது, வறுப்பதால் ஈரம் நீங்கி மாவு கெடாமல் இருக்கிறது, மணம் கூடுகிறது, அடுப்பில் நெடுநேரம் வேக வேண்டியதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது பேருதவி. மூன்றாவது, இதில் மருந்துக் கடையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் தேறிய குழந்தை வீடு திரும்பியபின், தாய் தன் கையாலேயே அதே உணவைத் தொடர முடியும்.

இத்தகைய முயற்சி திருவனந்தபுரத்தில் மட்டும் நிகழவில்லை. ஹைதராபாத் நிறுவனம் கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16 கிராம், நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் கொண்ட கலவையை வகுத்தது; அதில் 330 கலோரியும் 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உண்டு. கோயம்புத்தூர் அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் அவர்கள் வழிகாட்ட, தானியம், பயறு, நிலக்கடலை, வெல்லம் கொண்ட 'குழந்தை அமுது' உருவாயிற்று. பெயர்கள் வேறு; இலக்கணம் ஒன்று. ஒரு தானியம், ஒரு பருப்பு, சிறிது எண்ணெய் வித்து, வறுத்துப் பொடித்தல்.

இந்த இலக்கணம் பின்னர் அரசுத் திட்டங்களிலும் இடம் பெற்றது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது; அங்கன்வாடிகள் பிறந்தன. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலான சிறாரையும் தழுவியது. கேரளத்தில் 1998-இல் தோன்றிய 'குடும்பஸ்ரீ' மகளிர் குழுக்கள் 'அம்ருதம்' என்னும் மாவைத் தயாரிக்கலாயின. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கொண்ட அம்மாவு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வாயிலாக வழங்கப்படுகிறது. அயலூர்ப் பெரிய ஆலையில் அன்றி, அந்தந்த ஊர்ப் பெண்களின் சிறு கூடங்களிலேயே மாவு வறுபடுவது போற்றத்தக்க ஏற்பாடு.

கெட்டியான கூழ் நல்லது என்றோம். அதிலும் ஓர் இடர் உண்டு; மிகக் கெட்டியானால் குழந்தை விழுங்க மாட்டாது, துப்பிவிடும். நீர் சேர்த்தாலோ சத்து குறையும். இச்சிக்கலுக்கு விடையும் நம் அடுக்களையிலேயே இருந்தது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கும் வழக்கம் தென்னாட்டில் பழையது. முளைக்கும்போது தானியத்தில் அமிலேஸ் என்னும் செரிப்புப் பொருள் தோன்றி மாச்சத்தை உடைக்கிறது. முளைமாவு சிறிதளவு சேர்ந்தாலே கெட்டிக் கூழ் இளகிவிடும். நீரும் சேர்க்க வேண்டியதில்லை, சத்தும் குறைவதில்லை. பரோடாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தாரா கோபால்தாஸ் 1980-களில் இதனை விரிவாக ஆராய்ந்தார். முளை கட்டிய துணிமூட்டை சுவரில் தொங்கிய வீடுகள் இதனை முன்பே அறிந்திருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எஸ்.ஏ.டி. மாவில் ஐந்தில் இரண்டு பங்கு சர்க்கரை. மெலிந்து உயிருக்குப் போராடும் குழந்தைக்கு விரைவில் கலோரி சேர்க்க அது மருந்துபோல் பயன்பட்டது. நல்ல எடையுள்ள குழந்தைக்கு அந்த அளவு சர்க்கரை வேண்டியதில்லை, தீங்கும் விளைக்கும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காதிருப்பதே நலம் என்பது இன்றைய அறிவுரை. உப்பும் மிகக் குறைவாகவே வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் இவ்வகையில் சர்க்கரையின் உறவினரே. தேன் ஓராண்டு நிறையும் வரை அறவே கூடாது. ஆகவே பழைய மாவின் இலக்கணத்தைக் கொள்வோம், இனிப்பை விடுவோம். இனிப்பு வேண்டின் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். கலோரி வேண்டின் ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும்.

வரலாறு வெற்றியோடு முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கேரளத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவர் ஆறு பேர் மட்டுமே. இது இந்தியாவிற்கே பெருமை. எனினும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, அதே கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 23 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருப்பதைக் காட்டியது. இந்தியா முழுவதிலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுள் போதிய உணவு பெறுவோர் நூற்றுக்குப் பதினொருவரே என்றும் அவ்வாய்வு கூறியது. உயிர் காக்கக் கற்றுவிட்டோம்; வளர்க்க இன்னும் முற்றக் கற்கவில்லை.

எனவே தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அகமதாபாதிலோ வாழும் நம் தாய்மார் மேற்கொள்ளத்தக்க சில எளிய முறைகளைச் சொல்வோம். அரிசியும் பாசிப்பருப்பும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் தனித்தனியே வறுத்து, ரவையாக உடைத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கைப்பிடி எடுத்துக் குழைய வேகவைத்து, மசித்த கேரட்டோ கீரையோ சேர்த்து, நெய் விட்டால் பத்து நிமிடத்தில் ஒரு வேளை உணவு ஆயிற்று. அரிசிக்கு மாற்றாக வடநாட்டில் கிடைக்கும் கோதுமை ரவையையும், பாசிப்பருப்புக்கு மாற்றாக மசூர்ப் பருப்பையும் கொள்ளலாம். வடநாட்டார் உண்ணும் கிச்சடி நம் பருப்புச் சாதத்தின் உறவே. அதை அந்நியமாக எண்ண வேண்டியதில்லை.

கேழ்வரகு மாவு கிடைக்குமாயின் பாலில் குறுக்கிக் கொடுங்கள். இட்லியை வெறும் நீரில் நனைத்துக் கொடாமல் பருப்பில் ஊறவைத்துக் கொடுங்கள். நேந்திரம்பழம் கிடைத்தால் ஆவியில் வேகவைத்து, நடு நரம்பை நீக்கி மசியுங்கள். முட்டை உண்ணும் வீட்டில் நன்றாக வெந்த முட்டை, மீன் உண்ணும் வீட்டில் முள் நீக்கிக் காரமின்றி வேகவைத்த மீன் ஆகியவற்றை ஆறு மாதம் கடந்ததும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். நிலக்கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். பொடித்தே கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

வேளைக் கணக்கும் நினைவில் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளை. இடையே ஒன்றிரண்டு சிற்றுண்டி. தானியம், பருப்பு, பால், முட்டை, மீன் இறைச்சி, கீரையும் மஞ்சள் நிறக் காய்கனிகளும், பிற காய்கனிகள், தாய்ப்பால் ஆகிய எட்டு வகைகளுள் ஐந்தேனும் ஒரு நாளில் குழந்தையின் வாயில் படவேண்டும். வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். அதுவே கை விட்டு அளையட்டும், சிந்தட்டும். உண்ணக் கற்பதும் நடக்கக் கற்பதைப் போன்றதே.

திருவனந்தபுரத்து அனுபவத்தின் சாரம் இதுவே. சவலை என்ற சொல் எந்தக் குழந்தைக்கும் பொருந்தாமல், பழைய அகராதிகளில் மட்டும் வாழ வேண்டும். குறுக்கு என்ற சொல் ஒவ்வொரு நாளும் அடுப்பின் மேல் வாழ வேண்டும். அதற்கு வேண்டிய பொருள்கள் எந்த மாநிலத்து மளிகைக் கடையிலும் உள்ளன. கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்: கூழ் நீராக ஓடினால் இன்னும் சற்று நேரம் கிண்டுங்கள்.